வரம்பு கட்டினோம், நண்டு வளையை மறந்தோம்



இது நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். வாசித்து முடித்ததும் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். இதில் நாங்கள் முதலில் குற்றம் சாட்டுவது எங்களைத்தான்.

மாரி மழை தொடங்கி மூன்று வாரமாகிறது. ஊரில் இருமல் இல்லாத வீடு இல்லை. ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காலை ஆறு மணிக்கே வரிசை. பாடசாலைக் கேற்றில் மறுபடியும் அந்த மட்டை தொங்குகிறது: "முகக்கவசம் இல்லாமல் உள்ளே வர வேண்டாம்."

நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்களும் நினைத்தோம். போன திங்கட்கிழமை கேற்றில் கடமையில் நின்றபோது ஒன்றைக் கண்டோம். ஒரு பையன் முகக்கவசம் போட்டு ஒழுங்காக உள்ளே வருகிறான். மதிலோரம் போய்க் கழற்றுகிறான். மதிலுக்கு மேலால் வெளியே எறிகிறான். வெளியே நிற்கும் கூட்டாளி அதைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு வருகிறான். உள்ளே வந்ததும் அவனும் எறிகிறான். ஒரே முகக்கவசத்தில் நாலு பேர் வந்துவிட்டார்கள். நாலாவது ஆளைப் பிடித்து விசாரித்தால், "மாஸ்க் போட்டுத்தானே சேர் வந்தன்" என்கிறான்.

பொய்யா சொன்னான்? இல்லை. நாம் கேட்டதை அப்படியே செய்திருக்கிறான். கேற்றைத் தாண்டும்போது முகத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்றோம். இருந்தது.

சிரித்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனோம். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவருக்கு மூக்குக்குக் கீழே. ஒருவருக்கு நாடியில். ஒருவர் ஒரு காதில் தொங்கவிட்டபடி தேநீர் குடிக்கிறார். ஒழுங்காகப் போட்டிருப்பதாக நினைத்தவர்களுக்கும், கன்னத்துக்கும் முகக்கவசத்துக்கும் இடையில் தாராளமாக ஒரு விரல் போகும். மதிலுக்கு மேலால் எறிந்த பையனுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது கழற்றும்போது கழற்றிவிட்டேன் என்று தெரிந்து கழற்றினான்.

இனிச் சொல்வது சிரிக்கும் விஷயமல்ல.

போன தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் எங்களில் ஒருவருக்குக் கடும் தடிமனும் இருமலும். யாரென்று சொல்லப் போவதில்லை. எங்களில் எவராகவும் இருந்திருக்கலாம். லீவு மிச்சமில்லை, பாடம் முடியவில்லை, எனவே வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். ஆனால் பின் வாங்கில் இருப்பவர்களுக்குக் குரல் கேட்கவில்லை என்று பேசும்போதெல்லாம் நாடிக்கு இறக்கினார். மழை அடித்ததால் யன்னல்கள் சாத்தியிருந்தன. நாலு நாள் இப்படிப் பாடம் நடந்தது. அடுத்த வாரம் தரம் 8இல் பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை.

அதில் ஒரு பிள்ளையின் உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார். உம்மம்மாதான் வளர்க்கிறார். உம்மம்மா சீனி வருத்தக்காரி. பிள்ளைக்கு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. உம்மம்மாவுக்கு விடவில்லை. நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா என்று வைத்தியசாலையில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் முன்புபோல் எழும்பி நடக்க முடியவில்லை. இப்போது அந்தப் பிள்ளை சோறாக்கி வைத்துவிட்டு, உம்மம்மாவுக்கு மருந்தும் கொடுத்துவிட்டு, இரண்டாம் பாடவேளைக்குத்தான் வகுப்புக்கு வருகிறது. பிந்தி வருவோர் புத்தகத்தில் அந்தப் பெயரைத் தினமும் எழுதுவது நாங்கள்தான்.

அந்த நோய் வகுப்பிலிருந்துதான் போனது என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. ஊர் முழுக்க இருமிய காலம் அது. ஆனால் வகுப்பிலிருந்து போகவில்லை என்று சத்தியம் செய்ய எங்களாலும் முடியாது. இந்தப் பதிவு எழுதுவதற்கு அது போதும்.

நம் ஊரில் முகக்கவசம் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று "போடு" கட்சி. மற்றது "போட்டு என்ன கிடைச்சது" கட்சி. கொவிட் காலத்திலிருந்து இந்த இரண்டும் பேஸ்புக்கிலும் தேநீர்க் கடையிலும் சண்டை பிடிக்கின்றன. இரண்டு கட்சிக்கும் எங்களிடம் ஒரே கேள்விதான்: நீங்கள் போட்டபோது உங்கள் மூச்சு எந்த வழியால் போனது?

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட்டவிதானையிடம் கேட்டுப் பாருங்கள். வரம்பை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும், அதில் ஒரே ஒரு நண்டு வளை இருந்தால், இரவு நின்ற தண்ணீர் விடியும்போது பக்கத்து வயலில் நிற்கும். தண்ணீர் வரம்போடு மல்லுக்கட்டாது. ஓட்டையைத் தேடிப் போகும். காற்றும் அப்படித்தான். முகக்கவசத்தின் துணி மூச்சுக்குக் கொஞ்சம் தடை. கன்னத்தோரத்து இடைவெளி தடையே இல்லை. நீங்கள் காற்றாக இருந்தால் எந்த வழியால் போவீர்கள்?

தும்மலில் கண்ணுக்குத் தெரிந்து தெறிக்கும் துளிகள் மட்டுமே பிரச்சினை என்றால் எப்படிப் போட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துணிக்கைகள் கீழே விழாமல் காற்றில் மிதக்கின்றன. முன் அறையில் கொளுத்திய நுளம்புத்திரியின் புகை உள்ளறைக்கு வருகிறதல்லவா? அதுபோல. கன்னத்தோர இடைவெளியால் புகை போகுமென்றால் இதுவும் போகும்.

இது எங்கள் கற்பனையல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சீ.டி.சி. 2021 பெப்ரவரியில் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டது. பொம்மைத் தலைகளுக்கு முகக்கவசம் மாட்டி, செயற்கையாக இருமச் செய்து, எத்தனை துணிக்கைகள் தப்பிப் போகின்றன என்று அளந்தார்கள். நாம் பாமசியில் வாங்கும் மாதிரியான சாதாரண முகக்கவசத்தைச் சும்மா காதில் மாட்டியபோது அது ஏறத்தாழப் பாதியைத்தான் தடுத்தது. அதே முகக்கவசத்தின் காதுப் பட்டியில் ஒரு முடிச்சுப் போட்டு, ஓரத்தில் விரிந்து நிற்பதை உள்ளே மடித்துவிட்டபோது முக்கால் பங்கைத் தடுத்தது. அதன் மேல் இறுக்கமான துணி முகக்கவசம் ஒன்றை அணிவித்தபோது அதைவிடவும் கூடுதலாகத் தடுத்தது. துணிக்கைகளை மூச்சோடு வெளிவிடுகிற தலை, மூச்சு இழுக்கிற தலை இரண்டுக்கும் இப்படிப் பொருத்தமாக அணிவித்தபோது, போய்ச் சேரும் துணிக்கைகள் 95 வீதத்துக்கும் மேல் குறைந்தன.

அது பொம்மைத் தலை, உண்மையான வகுப்பறை அல்ல. தாடி வைத்தவர்களுக்கோ சின்னப் பிள்ளைகளுக்கோ அதே கணக்கு அப்படியே பொருந்தாது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் யோசியுங்கள். முகக்கவசம் மாறவில்லை. விலை மாறவில்லை. மாறியது ஒரு முடிச்சும் ஒரு மடிப்பும். அந்த முடிச்சு போடாமல்தான் "மாஸ்க் வேலை செய்யாது" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஆய்வுகூடத்தில்" என்பவர்களுக்குப் பங்களாதேஷைக் காட்டுகிறோம். 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை அங்கே 600 கிராமங்களில், 3 இலட்சத்து 40 ஆயிரம் பேரளவில், ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம்மைப் போன்ற மக்கள். நம்மைப் போன்ற சந்தை, நம்மைப் போன்ற பள்ளிவாசல். பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் கொடுத்து, இமாம்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு சொல்ல வைத்து, வீதியில் நின்று அன்பாக நினைவூட்டினார்கள். ஒழுங்காக அணிந்தவர்கள் 13 வீதத்திலிருந்து 42 வீதமானார்கள். பாதிப் பேர்கூட இல்லை. அப்படியிருந்தும், சத்திரசிகிச்சை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு வந்து இரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று 11 வீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 வீதம் குறைந்தது.

60 வயதைத் தாண்டியவர்கள் யார்? நம் உம்மம்மா, மூத்தாப்பா. முதல் சஃப்பில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்கள்.

அங்கே மூக்கையும் வாயையும் மூடினால் "ஒழுங்காக அணிந்தவர்" என்று எழுதிக்கொண்டார்கள். முடிச்சு, மடிப்பு எல்லாம் பார்க்கவில்லை. அவ்வளவுக்கே அந்தப் பலன்.

சரி, இவ்வளவு எளிதான ஒன்றை நாம் ஏன் இதுவரை கவனிக்கவில்லை? எங்களுக்குத் தோன்றுகிற பதிலைச் சொல்கிறோம். இந்த நாட்டில் நம் முகத்தை மூடுவதும் திறப்பதும் எப்போதும் ஓர் உத்தரவாகவே வந்தது. 2019 ஏப்ரலில், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. நம் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ்ஸிலும் பட்ட அவமானம் மறக்கக்கூடியதல்ல. ஒன்றரை வருடம் கழித்து, 2020 ஒக்டோபரில், முகத்தை மூடாமல் வெளியே வருவது தண்டனைக்குரிய குற்றமானது. இடையில் ஜனாஸா எரிப்பு. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட்டில் மௌத்தான நம்மவர்களைப் பெட்டியில் போட்டு எரித்தார்கள். மார்ச்சில் ஓட்டமாவடி மண் திறக்கும் வரைக்கும் ஒவ்வொரு குடும்பமும் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் நாம் நோய்க்குப் பயப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயந்தோம். இருமலை மறைத்தோம். முகக்கவசம் என்பது பீ.எச்.ஐ. ஐயாவிடமும் பொலிஸிடமும் காட்டுகிற ஒரு பாஸ் ஆனது. பாஸுக்கு யாராவது அளவு பார்ப்பார்களா? கையில் இருந்தால் போதும்.

நம் ஹெல்மட் கதையும் இதுதானே. சந்தியில் பொலிஸ் நிற்கிறார்கள் என்றால் தலையில். தாண்டியதும் ஹேண்டிலில். தலையில் இருக்கும்போதும் நாடிப் பட்டியைப் பூட்டுவதில்லை. விழுந்தால் ஹெல்மட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். அதற்காக "ஹெல்மட் வேலை செய்யாது" என்று சொல்வோமா?

நமக்கு நடந்த அநியாயம் உண்மை. அந்தக் கோபமும் நியாயம். ஆனால் அந்தக் கோபத்தை நம் மூத்தம்மாக்களின் நுரையீரலில் தீர்த்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. உத்தரவு போட்டவர்கள் போய்விட்டார்கள். இருமல் போகவில்லை. இனி முகக்கவசம் போடுவதென்றால் யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, வேலை செய்வதற்காகப் போடுவோம்.

போன வாரம் தரம் 9 விஞ்ஞான பாடத்தில் ஒன்று செய்து பார்த்தோம். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளைகளை முன்னால் அழைத்து, வழமைபோல் முகக்கவசம் போட்டு மூச்சு விடச் சொன்னோம். எல்லாருடைய கண்ணாடியிலும் புகார் படிந்தது. மூக்கோரத்தால் மூச்சு மேலே போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மற்றப் பிள்ளைகளிடம் புறங்கையைத் தண்ணீரில் நனைத்து, கன்னத்தோரமாகப் பிடித்து ஊதச் சொன்னோம். "சேர், குளிருது" என்று கத்தினார்கள். பிறகு சரியாகப் போடக் காட்டிக் கொடுத்தோம். மறுபடியும் பார்த்தோம். பெரும்பாலான கண்ணாடிகளில் புகார் இல்லை. மூச்சு இழுக்கும்போது முகக்கவசம் உள்ளே ஒட்டியது, விடும்போது வெளியே புடைத்தது. அதுதான் அடையாளம். முகக்கவசம் மூச்சோடு அசைந்தால் மூச்சு அதன் ஊடாகப் போகிறது. அசையாமல் நின்றால் ஓரத்தால் போகிறது. பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கியது. ஆறு வருடமாக நமக்கு விளங்கவில்லை.

நீங்களும் வீட்டில் கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள்.

1. மூக்குக் கம்பி. முகக்கவசத்தின் மேலோரத்தில் ஒரு கம்பி இருக்கிறது. அது அலங்காரத்துக்கு அல்ல. மாட்டிய பிறகு, இரண்டு கைகளின் விரல்களாலும், மூக்கின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கன்னம் வரை அமர்த்திவிடுங்கள். ஒரு கையால் கிள்ளாதீர்கள். கிள்ளினால் நடுவில் கூரைபோல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

2. முடிச்சும் மடிப்பும். முகக்கவசத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். ஒவ்வொரு காதுப் பட்டியிலும், முகக்கவசத்தின் ஓரத்துக்கு மிக அருகில், ஒரு முடிச்சுப் போடுங்கள். இப்போது விரித்தால் இரண்டு பக்கமும் வாய் திறந்ததுபோல் ஒரு சிறு விரிவு தெரியும். அதை உள்பக்கமாக மடித்துச் செருகிவிடுங்கள். மாட்டும்போது கன்னத்தோடு ஒட்டி நிற்கும். பெரிய முகம் உள்ளவர்களுக்கு இது சின்னதாகிவிடலாம். மூக்கும் நாடியும் மூடவில்லை என்றால் இந்த முறை உங்களுக்குச் சரிவராது. அடுத்ததைப் பாருங்கள்.

3. மேலே ஒரு துணி. சத்திரசிகிச்சை முகக்கவசம் உள்ளே, நன்றாகப் பிடிக்கிற துணி முகக்கவசம் வெளியே. துணி, உள்ளே இருப்பதன் ஓரங்களை அமர்த்திப் பிடிக்கும். இரண்டு சத்திரசிகிச்சை முகக்கவசங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதில் இந்தப் பலன் இல்லை. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் ஓட்டை. என்95, கேஎன்95 மாதிரியானவற்றோடு வேறு எதையும் சேர்த்துப் போட வேண்டாம்.

4. கழுவாதீர்கள். 2022 நெருக்கடியில் சத்திரசிகிச்சை முகக்கவசத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயவிட்டோம். வறுமையில் செய்தோம், குற்றமில்லை. ஆனால் அதன் நடுப்படை மின்னேற்றத்தால்தான் நுண்ணிய துணிக்கைகளைப் பிடிக்கிறது. சவர்க்காரம் பட்டால் அந்த ஏற்றம் போய்விடும். பார்க்க முகக்கவசம்போல் இருக்கும், வேலை பாதியும் இருக்காது. கழுவலாம் என்பது துணி முகக்கவசத்துக்கு மட்டும். மழையில் நனைந்தால், வியர்வையில் ஊறினால் மாற்றுங்கள். பிள்ளையின் பையில் ஒன்று கூடுதலாக வையுங்கள்.

5. பிள்ளைகள். பெரியவர்களின் முகக்கவசத்தைத் தரம் 2 பிள்ளைக்கு மாட்டினால் அது முகக்கவசமல்ல, தொட்டில். சிறிய அளவு வாங்குங்கள். ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளுக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். முன்பள்ளி டீச்சர்மார் தயவுசெய்து கவனியுங்கள்.

இனி, நமக்கென்றே உள்ள இரண்டு விஷயங்கள். எந்தச் சுவரொட்டியிலும் இவற்றை யாரும் நமக்காக எழுதித் தரவில்லை. நாமே பேசியாக வேண்டும்.

முதலாவது பர்தா. நம் டீச்சர்மாரும் பெண் பிள்ளைகளும் காதுப் பட்டியை ஸ்காஃபுக்கு மேலால் மாட்டுகிறார்கள். காது ஸ்காஃபுக்குள். பட்டி பிடிக்க இடமில்லை. ஐந்து நிமிடத்தில் வழுக்கி மூக்குக்குக் கீழே வந்துவிடும். அதைவிட மோசம், ஸ்காஃபின் ஓரம் கன்னத்துக்கு வந்திருப்பதால் முகக்கவசத்தின் ஓரம் தோலில் அல்ல, துணியின் மடிப்பில் உட்காருகிறது. மடிப்புக்குள்ளால் காற்று போகிறது. இதற்கு எங்கள் டீச்சர்மார் கண்டுபிடித்த வழி மிக எளிது. உள்ளே போடும் தொப்பித் துணியில், இரண்டு காதுக்கும் பின்னால், சட்டைப் பொத்தான் ஒவ்வொன்று தைத்துவிடுங்கள். முகக்கவசத்தை முதலில் தோலோடு ஒட்ட வைத்து, பட்டியைப் பொத்தானில் கொழுவி, அதற்கு மேல் ஸ்காஃபைச் சுற்றுங்கள். இல்லையென்றால் பின் தலையில் கட்டுகிற நாடா வைத்த முகக்கவசம் தையுங்கள். ஊரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் இருக்கிறது. பொத்தான் செலவு ஒரு தேநீர்க் காசும் வராது.

இரண்டாவது தாடி. இதில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாடியை எடுக்கச் சொல்லவில்லை. தாடி உள்ள இடத்தில் முகக்கவசம் தோலோடு ஒட்டாது என்பது மட்டும் உண்மை. என்95 மாதிரியானவை முழுப் பலன் தர, ஓரம் படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது. இதே சிக்கல் சீக்கிய வைத்தியர்களுக்கும் வந்தது. முடியை வெட்டாத மார்க்கம் அவர்களுடையது. பிரித்தானியாவில் இருந்த சிலர் 2020இல், தாடியை முழுக்க மூடி உச்சந்தலையில் கட்டும் ஒரு மீள்துணிப் பட்டியை உள்ளே போட்டு, அதற்கு மேல் முகக்கவசம் அணியும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்தியத்தையும் விடவில்லை, தாடியையும் விடவில்லை. நம் ஊரில் வார்டில் நோயாளியைப் பார்க்கிற சகோதரர்கள் அதைத் தேடிப் பாருங்கள். மற்ற நாங்கள், தாடிக்காரர்கள், நம் முகக்கவசம் ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டு நடப்போம். மேலே ஒரு துணி முகக்கவசம் கூடுதலாக, யன்னலோரம், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி. இருமல் இருந்தால் வீட்டில்.

தொழுகையில் வாயை மூடுவது மக்ரூஹ் என்று முதல் சஃப்பில் நின்று முகக்கவசத்தைக் கழற்றுகிற பெரியவர்களிடம் பணிவாக ஒன்று. தேவை வந்தால் அது நீங்கும் என்பதை உலமாக்கள் கொவிட் காலத்திலேயே விளக்கிவிட்டார்கள். தும்மும்போது கையாலோ ஆடையாலோ வாயை மூடிக்கொள்வது நபி (ஸல்) அவர்களின் பழக்கம் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்த ஒழுக்கத்தின் நோக்கம் பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை வரக்கூடாது என்பதுதானே?

இனிக் கொடைவள்ளல்களுக்கு. கோபிக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாரிக்கும் ஏதாவதொரு அமைப்பு பாடசாலைக்கு முகக்கவசம் தருகிறது. படம் எடுக்கிறோம். பதிவு போடுகிறோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகக்கவசத்தில் அமைப்பின் பெயர் இருக்கும், சின்னம் இருக்கும், தொலைபேசி இலக்கம்கூட இருக்கும். மூக்குக் கம்பி இருக்காது. பெனியன் துணியில் ஒரே அளவில் வெட்டித் தைத்தது. தரம் 6 பிள்ளைக்கும் அதிபருக்கும் ஒரே அளவு. இழுபடும் துணி, ஒரு நாளில் தொய்ந்து நாடிக்கு வந்துவிடும். பெயர் நெஞ்சில் தெரிந்தால் போதும் என்றா தைத்தீர்கள்? உங்கள் சதகாவை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பெயர் அச்சடிக்கிற காசுக்குக் கம்பி வையுங்கள். ஆயிரம் பேருக்குப் பொருந்தாத ஒன்றைவிட, இருநூறு பேருக்குப் பொருந்துகிற ஒன்று நன்மையில் கூடுதல். வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்ற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இனி நிற்க மாட்டோம்.

வழமையான சில மறுப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்.

"மூச்சு முட்டுது." நனைந்த, அழுக்கான முகக்கவசம் கட்டாயம் மூச்சு முட்டும். காய்ந்ததைப் போடுங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அவர்களுக்காகத்தான் மற்றவர்கள் ஒழுங்காகப் போட வேண்டும் என்கிறோம்.

"குரல் கேட்காது." எங்கள் சாட்டே இதுதான். மெதுவாகப் பேசுவோம், கரும்பலகையில் கூடுதலாக எழுதுவோம், பின் வாங்குக்கு நடந்து போவோம். நாடிக்கு இறக்கிக் கத்துவதைவிட இவை எல்லாம் நல்ல கற்பித்தல்தான்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்." சந்தேகமில்லை. வயலில் விளைச்சலும் அவன் நாட்டம்தான். அதற்காக யாராவது நண்டு வளையை அடைக்காமல் விட்டார்களா?

"வருடம் முழுக்க இப்படியே முகத்தை மூடிக்கொண்டு திரிவதா?" அப்படி யார் சொன்னது? நாங்கள் கேட்பது மூன்று இடத்தில். உங்களுக்கு இருமல், தடிமன் இருக்கும்போது. நோயாளியையோ வயதானவரையோ பார்க்கப் போகும்போது. ஊரெல்லாம் காய்ச்சலாக இருக்கும் காலத்தில், யன்னல் சாத்திய, சனம் நெருங்கிய இடத்தில். அந்த மூன்று இடத்திலும் ஒழுங்காக. மற்ற நேரம் ஊரின் நல்ல காற்றைச் சுவாசியுங்கள்.

முகக்கவசம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. யன்னலைத் திறப்பது அதற்குச் சமமான வேலை. நோயோடு வீட்டில் இருப்பது இரண்டையும்விடப் பெரிய வேலை. அந்த வகையில் பாடசாலை செய்கிற ஒரு பிழையையும் ஒத்துக்கொள்கிறோம். வருட முடிவில் ஒருநாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு வரவுப் பரிசு கொடுக்கிறோம். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு மேடை. வீட்டில் இருந்து மற்றவர்களைக் காப்பாற்றிய பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இந்தப் பரிசை நிறுத்தச் சொல்லி அதிபரிடம் எழுத்தில் கொடுக்கப் போகிறோம். பெற்றோர்கள் கூட்டத்தில் நீங்களும் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜும்ஆவுக்கு முன் ஐந்து நிமிடம் தாருங்கள். பயான் வேண்டாம். ஒரு முகக்கவசத்தைக் கையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, மடித்து, மாட்டிக் காட்டினால் போதும். பெண்கள் பகுதியில் எங்கள் டீச்சர்மார் காட்டுவார்கள். பாடசாலைக் கேற்றில் தொங்கும் மட்டையை நாங்களே மாற்றி எழுதுகிறோம். "முகக்கவசம் இல்லாமல் உள்ளே வர வேண்டாம்" என்பதற்குப் பதிலாக, "இருமலா? வீட்டில் இருங்கள். வந்தால், ஓரத்தால் காற்றுப் போகாமல் அணியுங்கள்." கேற்றில் கடமைக்கு நிற்பவர் இனி முகக்கவசம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். கண்ணாடி வைத்திருப்பார். பிள்ளையே பார்த்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போகலாம். ஒரு பெட்டியும் வைத்திருப்போம், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ள. மதிலுக்கு மேலால் எறிய வேண்டிய தேவை இருக்காது.

எங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். இருமலோடு வருகிற ஆசிரியருக்குப் பதிலாக மற்றவர்கள் பாடவேளையைப் பிரித்து எடுப்போம். அவர் வீட்டுக்குப் போகட்டும். அந்தத் தவணையில் இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

பிந்தி வருவோர் புத்தகத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை இனி எழுதுவதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறோம். அது எங்கள் கடன்.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். சரியென்று பட்டால் பகிருங்கள். பகிர்வதற்கு முன் கண்ணாடி முன் நின்று ஒரு தடவை உங்கள் கன்னத்தோரம் விரலை வைத்துப் பாருங்கள்.